குடிநோயில சிக்குன வக்கீலுக்கு ஒரு சஸ்பென்ஷன் வேணும், ஆனா அது தண்டனையா இருக்கக் கூடாது

தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கை கமிட்டியில இருக்கற சீனியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்க ரோல்ல, அதாவது வக்கீல்கள் பதிவுப் பட்டியல்ல, பேர் இருக்கற ஒரு வக்கீல். தென் மாவட்டத்துல ஒரு தாலுகா ஊர்ல, முன்சீப் கோர்ட்டும் சப் கோர்ட்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கற இடத்துல பிராக்டிஸ் பண்றேன். உங்ககிட்ட கேக்கறது ஒரே விஷயம்தான். குடிய விடவும் முடியாம தொழில பாக்கவும் முடியாம நிக்கற ஒரு வக்கீல கொஞ்ச காலத்துக்கு கோர்ட்டுல இருந்து விலக்கி வைக்க ஒரு வழி பண்ணுங்க. அது வழக்கறிஞர்கள் சட்டம் 35வது பிரிவு தண்டனையா இருக்க வேண்டாம், உடம்பு சரியில்லாத ஆளுக்கு குடுக்கற லீவா இருக்கட்டும், சிகிச்சை முடிச்சு தேறி வந்தா அவர் மறுபடி கோட்டு மாட்டிட்டு அதே கோர்ட்டுக்குள்ள வரணும், அந்த இடைப்பட்ட மாசங்கள்ல அவரை நம்பி வக்காலத்துல கையெழுத்து போட்ட கட்சிக்காரங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது. இவ்வளவுதான்.

இது எந்த ஊர்லயும் நடக்கற கதைங்கறதால உங்களுக்கு விளக்கி சொல்லணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா நாம யாரும் இதை வாய் விட்டு பேசறதே இல்ல. காலைல பத்தரைக்கு கால் வொர்க் ஆரம்பிக்கும், கேஸ் நம்பர் கூப்பிட்டதும் ஜூனியர் எந்திரிச்சு பாஸ் ஓவர், அதாவது கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடுங்கன்னு, கேப்பாரு, பன்னெண்டு மணிக்கு மறுபடி கூப்பிடும்போது சாருக்கு உடம்பு சரியில்லன்னு வாய்தா கேப்பாரு, அந்தப் பக்க வக்கீலும் பாவம்னு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிடுவாரு, ஜட்ஜுக்கும் தெரியும், பெஞ்ச் கிளார்க்குக்கும் தெரியும், வெளிய வராண்டாவுல நிக்கற குமாஸ்தாவுக்கு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். சார் அன்னிக்கு வீட்டுலயே இருப்பாரு, இல்லன்னா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருப்பாரு, இல்லன்னா வந்திருப்பாரு ஆனா உள்ள கூட்டிட்டு வர முடியாது. சொந்தக்காரங்க வீட்டு விஷயத்தை மறைக்கற மாதிரி எல்லாரும் சேர்ந்து மறைக்கறாங்க, அதுல கெட்ட எண்ணம் துளி கூட இல்ல, எல்லாம் பாசம்தான், ஆனா அந்தப் பாசத்துலயே நாலு வருஷம் அஞ்சு வருஷம் ஓடிடுது, நோயும் முத்திடுது, கேஸ் கட்டுகளும் கெட்டுப் போகுது.

கட்டு கெட்டுப் போறதுன்னா என்னன்னு கட்சிக்காரர் பக்கத்துல இருந்து யோசிங்க. ஒரு பாகப்பிரிவினை கேஸ்ல எதிர்வழக்குரை தாக்கல் பண்ண வேண்டிய நாள்ல பண்ணல, செட் எக்ஸ்பார்ட்டி ஆகி ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆயிடுது. அதை ரத்து பண்ண சொல்லி மனு போட 30 நாள்தான் டைம். அந்த அம்மாவுக்கு தீர்ப்பு ஆனதே தெரியாது, ஒவ்வொரு தடவ வந்து கேக்கும்போதும் அடுத்த வாய்தாவுக்கு வாங்கன்னு பதில் வருது. நிறைவேற்று மனு நோட்டீஸ் எடுத்துட்டு கோர்ட் ஊழியரான அமீனா வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போதுதான் தெரியும். அப்புறம் தாமதத்தை மன்னிக்க சொல்லி ஒரு மனு, அதுக்கு ஒரு எதிருரை, அதுக்கு ஒரு அப்பீல். வக்கீல் பண்ண தப்புக்கு கட்சிக்காரர் பலியாகக் கூடாதுன்னு 1981லயே ரஃபீக் எதிர் முன்ஷிலால் கேஸ்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஆனா அதை எடுத்துக் காட்டி திரும்ப கேஸை உயிர்ப்பிக்க இன்னொரு வக்கீலுக்கு பீஸ் குடுக்கணுமே, அதுக்கு அந்த அம்மா எங்க போவாங்க. கிரிமினல் பக்கம் இன்னும் மோசம். 60 நாளோ 90 நாளோ முடிஞ்சும் போலீஸ் சார்ஜ் ஷீட் போடலன்னா உள்ள இருக்கறவருக்கு ஜாமீன் உரிமையாவே வந்துடும், ஆனா சார்ஜ் ஷீட் வர்றதுக்கு முன்னாடி மனு போட்டாத்தான் அந்த உரிமை நிக்கும், அந்த நாளை எண்ணிட்டு இருக்க வேண்டிய ஆள் நிதானத்துல இல்லன்னா ஒருத்தன் இன்னும் பல மாசம் ஜெயில்ல கிடக்கணும்.

எனக்கு தொழில் கத்துக் குடுத்த சீனியர் அப்படித்தான் போனாரு. பேர் சொல்ல மாட்டேன், அவர் குடும்பம் இன்னும் அதே ஊர்லதான் இருக்கு. பத்திரத்தைப் பாத்த உடனே நாலு எல்லையும் மனசுல படம் மாதிரி விரியற மனுஷன், ஒரு வி.ஏ.ஓ.வை குறுக்கு விசாரணை பண்ணாருன்னா அடங்கல் பதிவுல எந்த வருஷம் எந்தப் பேரு எப்படி மாறுச்சுன்னு பேப்பரைப் பாக்காமலே கேப்பாரு. பீஸ் இல்லாம எத்தனையோ பேருக்கு கேஸ் நடத்துனவரு. கடைசி காலத்துல அவரால காலைல கையெழுத்து போட முடியாது, பேனா ஆடும், வக்காலத்துல இருக்கற கையெழுத்தும் மனுவுல இருக்கற கையெழுத்தும் வேற வேறயா இருக்கேன்னு ஆபீஸ்ல ரிட்டர்ன் பண்ணாங்க. அவரோட சம்சாரம் ஒரு நாள் பார் அசோசியேஷனுக்கு வந்து நிர்வாகிகள்கிட்ட கேட்டாங்க, தம்பி இவரை ஒரு ஆறு மாசம் கோர்ட்டுக்கு வரக் கூடாதுன்னு சொல்லுங்க, நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, கோர்ட்டு சொன்னா கேப்பாருன்னு. அங்க இருந்த யாருக்கும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. பார் கவுன்சிலுக்கு புகார் எழுதலாம்மா, ஆனா அது நடத்தை கேடுன்னு ஆயிடும், பேப்பர்ல வரும், பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கான்னு சொன்னாங்க. அவங்க எழுதல. எந்த மனைவி எழுதுவாங்க? அவர் போயி வருஷங்கள் ஆச்சு, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்னிக்கும் நம்ம சட்டத்துல பதில் இல்ல.

சட்டத்துல என்ன இருக்குன்னு பாப்போம், நீங்க எனக்கு மேல தெரிஞ்சவங்க, இதைப் படிக்கற கட்சிக்காரங்களுக்காகவும் சேர்த்து சொல்றேன். 1961 வழக்கறிஞர்கள் சட்டத்துல 35வது பிரிவுல நாலு வழிதான். புகாரை தள்ளுபடி பண்ணலாம், கண்டிக்கலாம், ஒரு காலத்துக்கு சஸ்பெண்ட் பண்ணலாம், ரோல்ல இருந்து பேரையே எடுக்கலாம். இந்த நாலுக்கும் வாசல் ஒண்ணுதான், தொழில் சம்பந்தமான நடத்தை கேடு இல்லன்னா வேற நடத்தை கேடு. நோய்ங்கறதுக்கு அங்க இடமே இல்ல. சஸ்பெண்ட் ஆனா இந்தியாவுல எந்த கோர்ட்டுலயும் எந்த அதிகாரி முன்னாடியும் ஆஜராக முடியாது, அது சரி, ஆனா அவர் கையில இருக்கற கட்டுகளை யார் வாங்கி வைக்கணும், கட்சிக்காரருக்கு யார் சொல்லணும், அந்த ஆள் எங்க போயி சிகிச்சை எடுக்கணும், எதை காட்டுனா திரும்ப வரலாம், இதுக்கெல்லாம் ஒரு வரி கிடையாது. 36பி பிரிவு புகாரை 1 வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு சொல்லுது, இல்லன்னா பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு போகும். குடிநோய்ல 1 வருஷம்ங்கறது ரொம்ப பெரிய காலம், அதுக்குள்ள ஈரல் போயிடும்.

தானா விலகற வழி ஒண்ணு இருக்கு, இல்லைன்னு சொல்லல. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகள்ல 6வது பாகம் 3வது அத்தியாயத்துல 5வது விதி, எந்தக் காரணத்துக்காகவும் தொழிலை நிறுத்தி வைக்கற வக்கீல் என்ரோல்மென்ட் சர்டிபிகேட்டோட பதிவுத் தபால்ல மாநில பார் கவுன்சிலுக்கு தெரிவிக்கணும்னு சொல்லுது. அரசாங்க வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போறவங்கதான் இதை பயன்படுத்துறாங்க. நோய்க்காக இதை பயன்படுத்தலாம்னு எந்த வக்கீலுக்காவது யாராவது சொல்லியிருக்காங்களா? எங்க ஊர்ல நான் கேட்டவரைக்கும் இல்ல. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு சர்க்குலர் போதும், சிகிச்சைக்காக விலகறவங்க இந்த விதியில விண்ணப்பிக்கலாம், காரணம் ரகசியமா வைக்கப்படும், திரும்ப வர்றதுக்கு இன்ன பேப்பர் போதும்னு. இதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியது கூட இல்ல.

இப்ப 2016 பத்தி பேசியே ஆகணும், ஏன்னா குடிபோதைன்னு நான் வாயை திறந்ததும் நம்ம ஆளுங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்த வருஷம் மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் 34வது பிரிவுல விதிகளை திருத்தி 14ஏ முதல் 14டி வரைக்கும் புதுசா கொண்டு வந்துது. நீதிபதி பேரைச் சொல்லி பணம் வாங்குறது, கோர்ட் ரெக்கார்டை திருத்துறது, வளாகத்துக்குள்ள ஊர்வலம் போறது இதோடெல்லாம் சேர்த்து குடிச்சுட்டு கோர்ட்டுக்கு வர்ற வக்கீலையும் ஆஜராக விடாம தடுக்க நீதிபதிகளுக்கே அதிகாரம்னு இருந்துது. தமிழ்நாடு முழுக்க கோர்ட் புறக்கணிப்பு, ஜூலை 25 அன்னிக்கு உயர் நீதிமன்றத்தை முற்றுகை போட்டோம், பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 126 பேரை சஸ்பெண்ட் பண்ணுச்சு. நம்ம பயம் நியாயமான பயம். ஒரு வக்கீல் குடிச்சிருக்காரா இல்லையான்னு, அவர் யார் முன்னாடி சத்தமா வாதாடுனாரோ அதே நீதிபதி மேடையில உக்காந்துட்டு முடிவு பண்றதுன்னா நாளைக்கு யாரும் நிமிர்ந்து பேச மாட்டாங்க. 2019 ஜனவரி 28 அன்னிக்கு முத்துகிருஷ்ணன் கேஸ்ல உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து பண்ணுச்சு, வக்கீல் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கற அதிகாரம் பார் கவுன்சிலோடதுன்னு தெளிவா சொல்லுச்சு.

நாம ஜெயிச்சோம். ஜெயிச்ச பிறகு என்ன பண்ணோம்? அந்த விதி போச்சு, அந்த விதிக்கு காரணமா காட்டுன நோய் அப்படியே இருக்கு. நீதிபதி கையில இருக்கக் கூடாதுன்னு நாம வாங்குன அதிகாரம் உங்க கையில இருக்கு, அதை இந்த விஷயத்துல ஒரு தடவ கூட நோயைப் பாக்கற கண்ணோட எடுத்து பயன்படுத்தல. குற்ற வழக்குல மாட்டுனவங்களுக்கு, போலி சர்டிபிகேட் குடுத்தவங்களுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து இடைக்கால தடை உத்தரவு போகுது, பேப்பர்ல பாக்கறோம், அது வேணும்தான். அதே மாதிரி வேகம் ஒரு நோயாளியை காப்பாத்தவும் வேணும்னுதான் கேக்கறேன்.

சஸ்பென்ஷன்னாலே தண்டனைதானே, அதுல திருத்தறதுக்கு எங்க இடம்னு கேக்கறவங்களுக்கு நம்ம ஊர் கேஸையே காட்டலாம். ரங்கதுரை எதிர் கோபாலன், 1978. அது குடி கேஸ் இல்ல, காது கேக்காத ஒரு முதியவர் கேஸை நடத்தறதா சொல்லி ஏமாத்துன விவகாரம். இங்க இருக்கற ஒழுங்கு நடவடிக்கை கமிட்டி 6 வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு, பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அதை 1 வருஷமா குறைச்சுது. உச்ச நீதிமன்றத்துல கிருஷ்ணய்யர் பெஞ்ச் என்ன பண்ணுச்சுன்னா, ஒரு தேதி வரைக்கும் சஸ்பென்ஷன், அதுக்கப்புறம் அந்த வக்கீல் தமிழ்நாட்டு இலவச சட்ட உதவி அமைப்புல 1 வருஷம் ஏழைகளுக்காக வேலை பாக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. பெஞ்ச்ல ஒரு நீதிபதி ஒத்துக்கல, இருந்தாலும் பெரும்பான்மை தீர்ப்பு அதுதான். ஏமாத்துனவருக்கே திருந்தி வர்றதுக்கு வழி வச்சு உத்தரவு போட முடிஞ்சிருக்கு, அப்ப நோய்ல விழுந்தவருக்கு ஏன் முடியாது?

நோய்னு சொல்றது பரிதாபத்துக்காக இல்ல. 2017 மனநல பாதுகாப்பு சட்டத்துல மனநோய்க்கு குடுத்திருக்கற விளக்கத்துக்குள்ளயே மதுவாலயும் போதைப் பொருளாலயும் வர்ற மனநிலை பாதிப்பும் அடங்கும்னு எழுதியிருக்கு. அதே சட்டம் சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கறது நோயாளியோட உரிமைன்னு சொல்லுது, மனநோயை உடம்பு நோய்க்கு சமமா நடத்தணும்னும் சொல்லுது. நாம சட்டம் படிச்சவங்க, கட்சிக்காரருக்காக இந்தப் பிரிவை எடுத்து வாதாடுவோம், நம்மள்ள ஒருத்தருக்குன்னு வரும்போது மட்டும் அவனுக்கு கட்டுப்பாடு இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறோம்.

கட்டுப்பாட்டால நிக்கறதா இருந்தா எப்பவோ நின்னிருக்கும். மாலை போட்டா 48 நாள் தொட மாட்டாரு, மலை இறங்கி வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுடும். கோயில்ல கயிறு கட்டிட்டு வருவாங்க, கயிறு அறுந்த அன்னிக்கு திரும்ப கடை. குடிப்பவருக்கே தெரியாம குடியை நிறுத்த மருந்துன்னு சுவத்துல ஒட்டியிருக்கற போஸ்டரைப் பாத்து எதையாவது வாங்கி குழம்புல கலந்து வைப்பாங்க, இது ரொம்ப ஆபத்து. குடியை நிறுத்த டாக்டர் குடுக்கற டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரையை போட்டுட்டு தெரியாம குடிச்சா ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம், அதனாலதான் டாக்டர் அதை நோயாளிக்கு சொல்லி, சம்மதம் வாங்கிட்டுத்தான் குடுப்பாரு. இன்னொண்ணு, ரொம்ப வருஷமா தினமும் குடிச்சவரு திடீர்னு நிறுத்துனா முதல் நாளே கை நடுக்கம் வியர்வை ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத பூச்சியும் இல்லாத ஆளும் கண்ணுக்கு தெரியற அளவுக்கு புத்தி குழம்பும், சிகிச்சை இல்லன்னா சாவு வரைக்கும் போகும். அதனால நாளைல இருந்து குடிக்காம கோர்ட்டுக்கு வாங்க சார்னு நாம சொல்ற அறிவுரையே தப்பு. அவர் ஆஸ்பத்திரியில படுக்கணும், விஷம் இறங்கணும், அதுக்கப்புறம்தான் உண்மையான சிகிச்சையே ஆரம்பிக்கும், அது மாசக் கணக்குல போகும், நடுவுல ஒரு தடவ ரெண்டு தடவ சறுக்கவும் செய்யும். வாரத்துக்கு அஞ்சு நாள் சாட்சி விசாரணையும் வாதமும் வச்சுக்கிட்டு இதை பண்ணவே முடியாது. அதுக்குத்தான் இந்த விலகல் கேக்கறேன்.

சிகிச்சைக்கு இடம் இல்லையான்னா இருக்கு. சென்னையில சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்ச டி.டி.ரங்கநாதன் மையம் இருக்கு, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பல ஊர்ல காசு இல்லாம நடக்குது. ஆனா போறவங்க எத்தனை பேரு? மத்திய அரசு 2019ல வெளியிட்ட போதைப் பழக்க கணக்கெடுப்புல, மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை எடுத்திருக்காங்கன்னு இருக்கு, ஆஸ்பத்திரியில தங்கி எடுத்தவங்க 180 பேருக்கு ஒருத்தர். ஊர்ல எல்லாரும் தெரிஞ்சவங்க, கட்சிக்காரர் பாத்துட்டா கேஸ் போயிடும்னு பயப்படற வக்கீல் இந்த 38ல ஒருத்தரா இருக்கறது இன்னும் கஷ்டம்னுதான் நான் நினைக்கறேன்.

நம்ம தொழில்ல இது கூடுதலாவே இருக்கும்னு நம்பறதுக்கு காரணம் இருக்கு. அமெரிக்காவுல 12,825 வக்கீல்கள்கிட்ட நடத்துன ஆய்வு 2016ல வெளியாச்சு, அமெரிக்கன் பார் அசோசியேஷனும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்ட்ங்கற போதை சிகிச்சை நிறுவனமும் சேர்ந்து பண்ணது. அதுல 20.6 சதவீதம் பேரோட குடி பிரச்சனைக்குரிய அளவுல இருந்துது, அதுலயும் தொழிலுக்கு வந்து முதல் 10 வருஷத்துல இருக்கற ஜூனியர்கள்தான் அதிகம். இது சீனியர்களோட நோய்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். நம்ம ஊர் ஜூனியரை பாருங்க, காலைல இருந்து நின்னு, சாயங்காலம் சேம்பர்ல டிக்டேஷன் எடுத்து, ராத்திரி பஸ் பிடிச்சு போறவனுக்கு மாசக் கடைசியில கையில நிக்கறது என்ன? தோத்த கேஸுக்கும் பாட்டில், ஜெயிச்ச கேஸுக்கும் பாட்டில், சங்கத் தேர்தல்னா சொல்லவே வேண்டாம். தேர்தல்ல நிக்கற நண்பர்களுக்கு இதை கையெடுத்து கும்பிட்டு சொல்றேன், ஓட்டுக்காக புதுசா வந்த பசங்க கையில கிளாஸை குடுக்காதீங்க.

அந்த நாட்டு முறை எல்லாத்தையும் இங்க கொண்டு வரணும்னு இல்ல, ஆனா மூணு விஷயம் எடுத்துக்கலாம். அங்க மாதிரி விதிகள்லயே உடல்நிலை காரணமா செயல்படாத நிலைன்னு தனியா ஒரு நிலை இருக்கு, அது ஒழுங்கு நடவடிக்கை கணக்குல வராது. அப்படி ஒருத்தர் விலகிட்டா அவரோட கட்டுகளை பாத்து கட்சிக்காரங்களுக்கு தெரிவிக்க இன்னொரு வக்கீலை நியமிக்கறதுக்கு வழி இருக்கு. வக்கீல்களுக்கான உதவித் திட்டத்துல போயி பேசுனா அதை புகாரா மேல அனுப்ப வேண்டிய கடமை அங்க இருக்கறவங்களுக்கு கிடையாது, அதனால பயமில்லாம கதவைத் தட்டறாங்க. இந்த மூணாவதுதான் உயிர்நாடின்னு எனக்கு படுது. ரகசியம் இல்லன்னா யாரும் வர மாட்டாங்க.

அப்ப நம்ம ஊருக்கு எப்படி? நான் யோசிச்ச வரைக்கும் சொல்றேன், நீங்க மேம்படுத்துங்க. அந்த வக்கீலே விண்ணப்பிக்கலாம், இல்லன்னா கூட இருக்கற குடும்பம் விண்ணப்பிக்கலாம். ஜூனியரும் குமாஸ்தாவும் தகவல் சொல்லலாம், ஆனா அவங்க பேர் வெளிய வரக் கூடாது, ஏன்னா அவங்க பிழைப்பு அந்த சேம்பர்லதான் இருக்கு. வந்ததும் உடனே உத்தரவு போடக் கூடாது, ரெண்டு சீனியர் வக்கீலும் ஒரு அரசு மனநல மருத்துவரும் இருக்கற சின்ன குழு அவரை நேர்ல பாத்து பேசணும், அதுல ஒரு பெண் வக்கீலாவது இருக்கணும், குடிக்கற பொண்ணு வக்கீலுக்கு வெளிய சொல்லவே முடியாத அவமானம் இருக்குங்கறதால. அவர் ஒத்துக்கிட்டா 3 மாசமோ 6 மாசமோ விலகல், காரணம் எதுவும் போடாம தற்காலிகமா செயல்படல அப்படின்னு மட்டும் பதிவு. ஒத்துக்கல, ஆனா கட்சிக்காரங்களுக்கு கேடு வருதுன்னு மருத்துவர் அறிக்கையோட குழுவுக்கு தெளிவா தெரிஞ்சா, அவர் தரப்பையும் கேட்டுட்டு குறுகிய காலத்துக்கு கட்டாய விலகல், அதுக்கு மேல அப்பீல் வழி. விலகுன அன்னிக்கே அந்த ஊர் சங்கம் மூலமா ஒரு பொறுப்பு வக்கீல் போட்டு, நடப்பு கட்டு எல்லாத்துக்கும் லிஸ்ட் எடுத்து, அடுத்த வாய்தா தேதியோட கட்சிக்காரருக்கு லெட்டர் போகணும். கேஸ் திரும்ப வேணும்னா கட்டை குடுத்துடணும். கேஸ்ல இருந்து விலகுனா வாங்குன பீஸ்ல வேலை பாக்காத பங்கை திருப்பி குடுக்கணும்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நடத்தை விதிகள்ல 12வது விதி ஏற்கனவே இருக்கு. கட்சிக்காரர் பணத்தை எடுத்து குடிச்சிருந்தா அது வேற, அதுக்கு 35 இருக்கு, அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன். நோய் எல்லாத் தப்புக்கும் கவசம் ஆகிடக் கூடாது, விபத்து இழப்பீட்டு பணத்தை இழந்த ஒரு விதவைக்கு முன்னாடி நின்னு அவருக்கு நோய்மான்னு நம்மால சொல்ல முடியாது.

இதை பொய்யா பயன்படுத்துவாங்கன்னு சொல்வீங்க. பண்ணுவாங்க. தொழில் போட்டியில ஒருத்தர் மேல ஒருத்தர் எழுதிப் போடுவாங்க, சொத்து தகராறுல அண்ணன் தம்பி எழுதுவாங்க. அதனாலதான் எதிர் தரப்பு கட்சிக்காரரும் எதிர் தரப்பு வக்கீலும் இந்த வழியில விண்ணப்பிக்கவே கூடாது, மருத்துவ பரிசோதனை இல்லாம எந்த உத்தரவும் கூடாது, எப்பவோ ஒரு கல்யாண வீட்டுல குடிச்சாருங்கறது காரணம் ஆகக் கூடாது. இன்னொரு கேள்வி, ஆறு மாசம் வருமானம் இல்லாம குடும்பம் என்ன பண்ணும்? இது உண்மையான கேள்வி, மாச சம்பளம் இல்லாத தொழில் நம்மளோடது. வழக்கறிஞர்கள் சட்டம் 6வது பிரிவுல ஏழை, இயலாத வக்கீல்களுக்கு நலத்திட்டம் நடத்த மாநில பார் கவுன்சில் நிதி ஏற்படுத்தலாம்னு இருக்கு. வக்காலத்துல ஒட்டற சேமநல முத்திரையை நாங்க எல்லாரும் வருஷக் கணக்கா ஒட்டிட்டுத்தான் இருக்கோம், அந்த நிதி சாவுக்கு அப்புறம் குடும்பத்துக்கு போறது பெரிய ஆறுதல், உயிரோட இருக்கும்போதே ஆளை மீட்க ஒரு பங்கு ஒதுக்க சட்டத்திருத்தம் வேணும்னா அரசாங்கத்துகிட்ட கேளுங்க, நாங்க கூட நிக்கறோம்.

உங்களால முடியாதுன்னு நான் நம்பல. 2024ல ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில 20,000மும் மத்த ஊர்ல 15,000மும் குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு உயர் நீதிமன்றம் சொன்னதும் நீங்க சர்க்குலர் அனுப்புனீங்க, எல்லா ஊர் சங்கத்து போர்டுலயும் ஒட்டுனாங்க. எத்தனை பேர் குடுத்தாங்கங்கறது வேற, ஆனா ஜூனியர் சம்பளம்னு ஒண்ணு இருக்குன்னு பேச ஆரம்பிச்சோம்ல, அதுவே பெரிய விஷயம்.

அதனால அடுத்த கூட்டத்துல இதை ஒரு பொருளா வையுங்க. முதல்ல 5வது விதி பத்தின சர்க்குலர், அதை இந்த மாசமே அனுப்பலாம். அதோட சேர்த்து 14446 போதை மீட்பு உதவி எண்ணையும் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் ஒவ்வொரு பார் அசோசியேஷன் ரூம்லயும், பெண் வக்கீல்கள் ரூம்லயும், குமாஸ்தா சங்க ரூம்லயும் ஒட்ட சொல்லுங்க. கட்டாய விலகலுக்கும் பொறுப்பு வக்கீலுக்கும் விதி வேணும்னா 49வது பிரிவுல பார் கவுன்சில் ஆஃப் இந்தியாதான் போடணும், அதுக்கு இங்க இருந்து தீர்மானம் போகட்டும், மனநல மருத்துவர்களையும் குடியில இருந்து மீண்டு இன்னிக்கு நல்லா பிராக்டிஸ் பண்ற வக்கீல்களையும் கூப்பிட்டு பேசி வரைவு எழுதுங்க. மீண்டவங்க நம்ம நடுவுலயே இருக்காங்க, கேட்டா வருவாங்க. இந்த மடலை முறையான மனுவா பதிவுத் தபால்ல உங்க அலுவலகத்துக்கும் அனுப்பறேன், கூட்டத்துல நேர்ல வந்து சொல்ல கூப்பிட்டீங்கன்னா அன்னிக்கு இருக்கற கேஸுக்கு வாய்தா வாங்கிட்டு வந்துடறேன்.

இப்படிக்கு,
உங்க ரோல்ல இருக்கற ஒரு தாலுகா ஊர் வக்கீல்